இல்லாத தோஷம்

என் மகளின் ஜாதகத்தில் தோஷம் இருக்கிறது என்று உறவெல்லாம் நம்பியது. அந்தத் தோஷத்தை உண்டாக்கியவள் நான். எந்தச் சோதிடரும் அதைச் சொல்லவில்லை. எந்தக் கட்டத்திலும் அது இருந்ததில்லை. என் வாயிலிருந்து வந்த பொய் அது!

முதலிலேயே சொல்லிவிட்டேன். இதற்குமேல் கேட்கப் பிடிக்காமல் நீங்கள் எழுந்து போனாலும் உங்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பெற்றவள் எதற்காக அப்படி ஒரு பொய்யைச் சொல்வாள் என்று நினைப்பீர்கள். பயத்தினால் சொன்னேன். எதைக் கண்டு பயம்? என்னைக் கண்டுதான்... என் கைகளைக் கண்டுதான்.

அப்போது நாங்கள் காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பக்கத்தில், ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் சுப்பையா மலாக்காவுக்கும் தம்பினுக்கும் இடையே பேருந்து ஓட்டினார். திருமணமாகி நெடுநாள் காத்திருந்து பிறந்தவள் வசந்தா. அவளுக்காக நான் இருக்காத விரதமில்லை. இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? அவள்மீது எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நீங்கள் நினைத்துவிடக்கூடாது.

தீட்டுக் கழிந்து அடுப்படிக்குள் நுழைந்த முதல் வாரத்தில் அது வந்தது. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழந்தை எனக்கு எதிரே பாயில் படுத்துக் கால்களை உதைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த கத்தியைப் பார்த்தேன். குழந்தையைப் பார்த்தேன். இதை அவள்மேல் வைத்துவிட்டால்...?

அவ்வளவுதான். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோன ஓர் எண்ணம். கோபமில்லை, வெறுப்பில்லை, காரணமே இல்லை. எங்கிருந்து வந்தது? யார் நினைத்தது அதை? நானா? அப்படியானால் நான் யார்?

கத்தியைக் கொல்லைப்புறச் சாக்கடையில் எறிந்தேன். கத்தி எங்கே என்று இவர் கேட்டபோது காணவில்லை என்றேன். புதிது வாங்கி வந்தார். அதையும் எறிந்தேன்.

கத்தி போனால் எண்ணமும் போய்விடும் என்று நம்பினேன். போகவில்லை. குளிப்பாட்ட உட்கார்ந்தால் தண்ணீரைக் கண்டு நடுங்கினேன். தொட்டிலருகே போனால் தலையணையைக் கண்டு நடுங்கினேன். கிணற்றடிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போவதையே விட்டுவிட்டேன். பால் கொடுக்கும்போதுகூட என் கைகளை என் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்ள முடியாதா என்று ஏங்கினேன்.

துக்காங் எமாஸ் சாலையிலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் போய் அழுதேன். மந்திரம் சொன்னால் அந்த எண்ணம் அண்டாது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். சொல்லும்போது நடுவில் அது தலைகாட்டினால் மந்திரம் பாழ், முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குவேன். மீண்டும் வரும். மீண்டும் தொடங்குவேன். சோறு அடிபிடித்துக் கருகும், குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போகும், நான் மட்டும் உதடுகளை அசைத்தபடி சுவரோடு ஒட்டி நிற்பேன்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? என்னவென்று சொல்வது? பெற்ற பிள்ளையைக் கொல்ல நினைப்பு வருகிறது என்றா? சொன்னால் பேய் பிடித்தவள் என்று வேப்பிலை அடிப்பார்கள். இல்லையென்றால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவைப்பார்கள். அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே பைத்தியம் என்று பொருள் கொண்ட காலம் அது. அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது... சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடுமோ!

சுதந்திரம் பற்றிய அறிவிப்பைக் கேட்க ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போன நாள் வந்தது. அன்று இவருடைய வண்டிக்கும் ஓயாத ஓட்டம். அக்கம்பக்கத்து வீடுகள் பூட்டிக் கிடந்தன. கைக்குழந்தைக்காரி என்று என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது அன்பு. எனக்கோ அந்தத் தெருவில் என்னையும் என் மகளையும் தவிர வேறு உயிரே இல்லை.

குழந்தை அழத் தொடங்கினாள். பசி. தூக்க வேண்டும். கையை நீட்டினேன்... நீட்டிய கை எனக்கு அந்நியமாய்த் தெரிந்தது. யாருடைய கை இது? இது என்ன செய்யும்? தடுக்க யார் இருக்கிறார்கள்?

அவளைப் பாயில் விட்டுவிட்டு வெளியே ஓடினேன். கதவை வெளிப்புறம் தாழிட்டேன். ரம்புத்தான் மரத்தடியில் போய் நின்றேன். உள்ளே அவள் வீறிட்டாள். நான் அசையவில்லை. தூரத்தில் லாரிகளில் போனவர்கள் “மெர்டேக்கா” என்று முழங்கினார்கள். நாடு விடுதலையாகப் போகிறது என்ற களிப்பு அது. நான் என் குழந்தையை என்னிடமிருந்து காப்பாற்ற வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால்வலி என்று பாதிவழியிலேயே திரும்பிய தெய்வானை என்னைப் பார்த்துவிட்டாள். தலைமுறைகளாக மலாக்காவிலேயே ஊறிப்போன கம்போங் செட்டிப் பெண். நெற்றியில் நம்மைப் போலத் திருநீறு, உடுப்பு சாரோங்கும் கெபாயாவும், பேச்சு மலாய். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. குழந்தையின் குரல் கேட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு போய்த் தாழைத் திறந்து அவளைத் தூக்கிக்கொண்டாள்.

“தாக்குட்?” என்று கேட்டாள். பயமா என்று.

தலையாட்டினேன். எதற்குப் பயம் என்று அடுத்துக் கேட்டாள். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். தெய்வானை குழந்தையை என் மடியில் வைத்து, என்னை அணைத்தபடி பால் கொடுக்க வைத்தாள். அன்றே அவளிடம் சொல்லியிருந்தால்...! இந்த ‘இருந்தால்’ எத்தனை வருடங்களாக என்னை அரிக்கிறது தெரியுமா?

அந்த வாரத்திலேயே பொய்யைச் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இவர் வந்திருந்தார். பக்கத்தில் கிடந்த வசந்தா அவருடைய இடக்கை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் குழம்பை ஊற்றியபடி சொன்னேன்.

“கோயில்ல ஒரு சோசியரப் பாத்தேங்க. நாகப்பட்டினத்துக்காரரு. பிள்ள நம்ம வீட்டுல வளந்தா உங்களுக்கு ஆகாதாம். உசுருக்கே ஆபத்தாம்.”

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “இன்னொரு தடவ அவரப் போயிப் பாத்துக் கேக்கலாமா?”

“கப்பலேறிப் போயிட்டாராம்.”

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! யாரும் தேடிப்போய்க் கேட்க முடியாத ஒரு மனிதரை நொடியில் படைத்து, நொடியில் கடலைக் கடத்தியும்விட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ‘பிள்ளை எனக்கு ஆகாது’ என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? ஏன் சொல்லவில்லை? என்னையும் அவளையும் ஆபத்தையும் ஒரே வாக்கியத்தில் வைக்க எனக்கு நாக்கு எழவில்லை. என் பெயர் வந்தால் யாராவது என் முகத்தை உற்றுப் பார்த்துவிடுவார்களோ என்று நடுங்கினேன். அதனால் அவருடைய உயிரை எடுத்து வைத்தேன்.

குழந்தை பிடித்திருந்த விரலை அவர் மெல்ல உருவிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அவருடைய அக்காள் ராசம்மா செங் என்ற ஊரில் இருந்தாள். அவள் கணவருக்குப் பால்மரத் தோட்டத்தில் வேலை. பிள்ளை இல்லாத வீடு. நாத்தனார் வந்து வசந்தாவைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டபோது அவளுக்கு ஆனந்தத்தை மறைக்கத் தெரியவில்லை. எனக்கும் மறைக்க ஒன்றிருந்தது. அழுதேன், உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணீருக்கடியில்... நிம்மதி! அவள் பிழைத்தாள் என்ற நிம்மதி. அன்று நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் தூக்கம் நீடிக்கவில்லை. பயத்துக்குப் பிள்ளை கிடைக்காவிட்டால் புருஷன் கிடைக்கமாட்டானா? நான் சொன்ன பொய் பலித்துவிட்டால்? இவருடைய வண்டி வரும் நேரம் தவறினால் சாலைக்கு ஓடுவேன். தம்பின் பக்கம் விபத்து ஏதும் உண்டா என்று எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் கேட்பேன். வீடு வந்து சேர்ந்தவரிடம் நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டுக் கேட்டு அவரையும் பயங்கொள்ளியாக்கினேன். நல்ல தைரியசாலியாக இருந்தவர் அவர். கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டாமல் வண்டியை எடுக்காதவராக மாறினார்.

சில வருடங்கள் கழித்து மகன் பிறந்தான். அவனோடு கத்தியும் தண்ணீரும் தலையணையும் திரும்பி வந்தன. இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தெய்வானைதான் அவனைக் குளிப்பாட்டினாள். ஒருநாள் அவளாகவே என்னைத் தாய்சேய் மருத்துவ நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவான பேச்சு. குழந்தை நன்றாக வளர்கிறான், தாய்தான் எலும்பாகிக் கிடக்கிறாள் என்று கண்டு, உடனிருந்த தாதி மிஸ்ஸியை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

என்ன நேர்ந்ததோ, எனக்குள் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்தது. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்... இல்லை, எண்ணங்களை மட்டும். சொல்லிவிட்டு, காவல்காரனைக் கூப்பிடப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்திருக்கவே இல்லை. “உமக்கு அப்பிடிச் செய்ய விருப்பமோ?” என்று கேட்டார்.

“ஐயோ, இல்லங்கம்மா.”

“பிறகேன் பயப்பிடுறீர்? செய்ய நினைக்கிற ஆக்கள் இப்பிடி நடுங்கிறதில்லை. எல்லாத் தாய்மாருக்கும் கண்ட கண்ட நினைப்பும் வரும். அவை அதைச் சீ எண்டு தள்ளிப்போட்டு வேலையைப் பாப்பினம். நீர் ஒவ்வொண்டையும் பிடிச்சு வைச்சு விசாரணை செய்யிறீர்.”

இதற்குப் பெயர் உண்டு, இது ஒரு நோய், உம்மைப் போல் பலர் வந்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பலர்! அந்தப் பலரும் என்னைப் போலவே வாயைப் பொத்திக்கொண்டு எந்தெந்த அடுப்படியில் நின்றார்களோ!

அவர் சொன்ன வைத்தியம் எனக்குக் கொடுமையாகப்பட்டது. கத்தியை ஒளிக்கக்கூடாது. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே காய் நறுக்க வேண்டும். எண்ணம் வந்தால் வரட்டும், மந்திரம் சொல்லித் துரத்தக்கூடாது. நான் நல்லவள்தானே என்று யாரிடமும் கேட்டு ஆறுதல் தேடக்கூடாது. பயம் ஏறும், ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கும், அதுவரை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்றார். மனம் மிகவும் தளர்ந்திருந்ததால் சிலகாலம் மாத்திரையும் கொடுத்தார்.

முதல் நாள் உட்கார்ந்தேன். மகன் பக்கத்தில், கையில் கத்தி, எதிரே ஒரு பூசணித்துண்டு. எண்ணம் வந்தது. வியர்வையில் சேலை நனைந்தது. எழுந்து ஓடு என்று கால்கள் கெஞ்சின. தெய்வானை வாசலில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரக்கூடாது என்று அவளுக்குக் கட்டளை. ஒரு துண்டு நறுக்கினேன். இன்னொரு துண்டு. மகன் கொட்டாவி விட்டான்... பூசணித்துண்டு முழுவதையும் நறுக்கி முடித்தபோது, எப்போது என்றே தெரியாமல் என் நெஞ்சின் படபடப்பு தணிந்திருந்தது.

நோய் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வரும். வந்தால், வந்திருக்கிறாயா, இரு என்று விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் பழகினேன். மகனை என் கையாலேயே குளிப்பாட்டினேன். என் கையாலேயே ஊட்டினேன்.

மூத்த பிள்ளையின்போதும் இப்படி இருந்ததா என்று ஒருமுறை டாக்டரம்மா கேட்டார். இருந்தது, அவள் நாத்தனார் வீட்டில் வளர்கிறாள் என்றேன். அவளையும் கூட்டிவந்து வைத்துக்கொள்ளும் என்றார். சரி என்றேன். அவள் எப்படி அங்கே போனாள் என்பதைச் சொல்லவில்லை. நோயைச் சொல்ல முடிந்த எனக்கு, பொய்யைச் சொல்ல முடியவில்லை. நோய்க்கு நான் பொறுப்பில்லை என்று அவர் சொல்லியிருந்தார். பொய்க்கு?

அவளை அழைத்துவர ஒருநாள் பேருந்தேறிச் செங்குக்குப் போனேன். வசந்தா ராசம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். “அத்தைக்குத் தண்ணி குடும்மா” என்றாள் நாத்தனார். பிள்ளை ஓடிப்போய்க் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். “இந்தாங்க அத்தை.” குடித்தேன். வந்த காரியத்தைச் சொல்லவில்லை. பெற்றவளை அத்தையாகவும் பெற்றவனை மாமாவாகவும் அவள் நினைத்திருந்தாள்.

இவரிடமாவது சொன்னேனா? சோசியர் சொன்னது பொய்யாக இருக்குமோ என்று ஒருமுறை பட்டும்படாமல் தொடங்கினேன். “பொய்யோ நெசமோ, வண்டி நெறைய ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போறவன் நான்” என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. செங்குக்குப் போனாலும் மகளிடமிருந்து ஒரு கை தூரம் தள்ளியே உட்கார்வார். ஆனால் கண் மட்டும் அவள் பின்னாலேயே போகும்.

அவளுக்கு எட்டு வயதானபோது ஒரு தீபாவளியன்று நாங்கள் அங்கே போயிருந்தோம். விளையாடிக்கொண்டிருந்தவள் உடைந்த கண்ணாடியை மிதித்துவிட்டாள். ரத்தம் கொட்டியது. யாரும் எழுவதற்குள் இவர் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டார். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி தோட்டத்து மருந்தகம்வரை ஓடினார். கட்டுப்போட்ட பிறகும் இறக்கிவிடவில்லை. திரும்பி வரும்போது அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் அப்படியொரு ஒளி! அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

சில வாரங்களில் அவர் இறந்தார். தம்பினில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்க இறங்கியவர், மார்வலி என்று உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் போனார், அது அந்தக் குடும்பத்து நோய். ஆனால் அதை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

வீட்டு முற்றத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். ராசம்மா வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேலிப்படலைத் தாண்டி உள்ளே வந்தாள். என் கணவரின் சித்தப்பா எழுந்து நின்றார்.

“அந்தப் பிள்ளைய உள்ள விடாதீங்க. தூக்குனதுக்கே இப்படி ஆயிப்போச்சு. பெத்த அப்பனையே கொண்டுக்கிட்டுப் போயிருச்சு.”

பெற்ற அப்பன்! அவர் தன் அப்பா என்பதை அந்தப் பிள்ளை அப்படித்தான் தெரிந்துகொண்டாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராசம்மாவும் பார்த்தாள். படலருகே காலில் வெள்ளைத் துணிக்கட்டோடு நின்ற வசந்தாவும் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் உள்ளே வந்திருப்பாள். சோசியரும் இல்லை, தோஷமும் இல்லை என்று நான் அலறியிருக்க வேண்டாமா? அப்படிச் சொன்னால் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியின் முடிவில் கத்தி இருந்தது, பாயில் படுத்திருந்த குழந்தை இருந்தது...

நான் அவருடைய நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உரக்க அழுதேன். அழுகிற விதவையை யார் கேள்வி கேட்பார்கள்? நிமிர்ந்து பார்த்தபோது படலருகே யாரும் இல்லை.

வசந்தா வளர்ந்தாள். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் என்னைப் பார்க்க வருவாள். அத்தை என்றுதான் கூப்பிடுவாள். தம்பி பக்கத்தில் வந்தால் நகர்ந்து உட்கார்வாள். அவன் குடித்த கோப்பையைத் தொடமாட்டாள். விடைபெற்றுப் பேருந்து நிறுத்தம்வரை போனவள் மூச்சிரைக்கத் திரும்பி வருவாள். தம்பி எங்கே, நன்றாக இருக்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். சில நாள் அதற்கப்புறமும் ஒருமுறை வருவாள்.

உங்களுக்குப் புரிகிறதா? எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அது என் நோய். கத்தியும் தண்ணீரும் இல்லாமல் வேறு உருவத்தில் என் மகளிடம் வந்திருந்தது.

கடையில் கூட வேலை செய்த ஒரு பையன் அவளைப் பெண் கேட்டான். நல்ல பையன். அவள் மறுத்துவிட்டாள். நீதான் பேச வேண்டும் என்று ராசம்மா அவளை என்னிடம் அனுப்பினாள்.

வந்து உட்கார்ந்தாள். அவனைக் கட்டிக்கொண்டால் அவன் செத்துப்போவான் என்றாள், வெகு சாதாரணமாக. ராத்திரி பகல் அதே நினைப்பு என்றாள். டாக்டரம்மா எனக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது என்றேன். வேண்டாத நினைப்பு எல்லோருக்கும் வரும் என்றேன்.

“நெனச்சா நடந்துறாது வசந்தா. அது வெறும் நெனப்பு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களுக்கு வந்தது வெறும் நெனப்பு அத்தை. எனக்கு நடந்திருச்சே.”

என்னைக் குணப்படுத்திய வைத்தியம் அவளிடம் பலிக்காதபடி அதன் குறுக்கே நான் ஒரு பிணத்தைக் கிடத்தியிருந்தேன். அதை அகற்ற என் ஒருத்தியால்தான் முடியும். நடக்கவில்லை வசந்தா, அது நான் சொன்ன பொய்... அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவள் காத்திருந்தாள். உண்மையாகவே காத்திருந்தாள், என் உதடுகளையே பார்த்தபடி.

“சாப்பிட்டுட்டுப் போம்மா” என்றேன்.

வேண்டாம் அத்தை என்று எழுந்துகொண்டாள்.

அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் திருமணம் ஆயிற்று. அவள் செய்துகொள்ளவில்லை. டாக்டரம்மா மாற்றலாகி எங்கோ போய்விட்டார். தெய்வானையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது நீங்கள் ஒருவர்தான்... உங்களிடம் சொல்லிவிட்டேன். சொன்னதும் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம் இல்லையே!

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. கொஞ்சம் முன்புதான் வந்துவிட்டுப் போனாள். வழக்கம்போல் பாதிவழியிலிருந்து திரும்பி வந்து, படலைப் பிடித்துக்கொண்டு, தம்பி நல்லா இருக்கானா என்று கேட்டாள்.

நல்லா இருக்கான் என்றேன். அதை மட்டும் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.